கடிகாரக்காவிடம் நாங்கள் கேட்காமல் விட்டது

“சார், வேலையில ஒரு தப்பு பண்ணிட்டீங்கன்னு வைங்க. அதை முதல்ல யார்கிட்ட சொல்வீங்க?”

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தொலைபேசியில் என்னிடம் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது. கேட்டவரின் படத்துக்கு முன்னால்தான் இன்று நாம் கூடியிருக்கிறோம்.

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமை மேலாளர் அவர்களே, உடன்பிறந்தவரை இழந்து, அந்தத் துயரத்தோடும் எங்களை வாசலில் நின்று வரவேற்ற தங்கை அவர்களே, உறவினர்களே, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களே, தங்கள் வீட்டு மூலைகளை விட்டுவிட்டு முதன்முறையாக ஒரே கூரையின் கீழ் வந்து உட்கார்ந்திருக்கும் என் இருபத்து நான்கு தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

உறவினர்களுக்கு எங்களைத் தெரியாது. எங்களில் பலருக்கு எங்களையே தெரியாது! இன்று காலை நாங்கள் ஆறு பேர் தவறுதலாகப் பக்கத்துக் கூடத்துக்குள் போய்விட்டோம். அங்கே ஏதோ ஒரு கட்டுமானச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். நாங்கள் கால் மணி நேரம் தலைகுனிந்து சோகமாக உட்கார்ந்திருந்தோம். ஒருவர் வந்து, “சிமென்ட் விலையை நினைச்சா எங்களுக்கும் இப்படித்தாங்க இருக்கு” என்று சொல்லி ஆறுதலாகக் காப்பி கொடுத்துவிட்டுப் போனார். எங்களில் ஒருவர் வாய்திறந்து “இது நம்ம கூட்டம் மாதிரி இல்லையே” என்றார். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் துள்ளி எழுந்து, “அட, நீங்கதானா அது!” என்று கையைப் பிடித்துக்கொண்டார். மூன்றரை வருடமாக ஒன்றாக வேலை செய்தவர்கள் அவர்கள் இருவரும்.

எங்கள் வேலை இதுதான். தேர்வு எழுதும் பிள்ளைகளின் விடைத்தாள்கள் படமெடுக்கப்பட்டு எங்கள் கணினித் திரைக்கு வரும். நாங்கள் அவரவர் வீட்டில் இருந்தபடியே திருத்தி மதிப்பெண் போடுவோம். இருபத்தாறு வீடுகளில் இருபத்தாறு பேர். எங்களை ஒருங்கிணைத்தவர்தான் இவர். நிறுவனத்தின் ஏட்டில் இவர் “முதுநிலை ஒருங்கிணைப்பாளர்”. எங்களுக்குக் கடிகாரக்கா.

நான் பேச வந்திருப்பது அவரைப் புகழ மட்டுமல்ல. மேலாளர் அவர்களுக்கு இன்று மாலைக்குள் நாங்கள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அக்காவின் இடத்துக்கு எங்களில் ஒருவர் வரவேண்டும். வராவிட்டால் எங்கள் குழு நான்காகப் பிரிக்கப்பட்டு, வேறு நான்கு குழுக்களோடு சேர்க்கப்படும். அவர் மிரட்டிச் சொல்லவில்லை. தலையில்லாமல் ஒரு குழுவை எப்படி வைத்திருப்பது என்று வருத்தத்தோடுதான் சொன்னார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து கைகாட்டிய ஒருவர், இரண்டு முறை “என்னால முடியாது” என்று சொல்லிவிட்டார். மூன்றாவது வரிசையில், நீலக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கிறார். ஏன் முடியாது என்றார் என்பதைப் பிறகு சொல்கிறேன். அது புரிய வேண்டுமென்றால் அக்காவை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கே போகிறேன். தப்பு பண்ணினால் யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்டவரிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“தப்பா? முப்பத்து நாலு வருஷம் பாடம் நடத்தினவன்மா நான். அதெல்லாம் வராது.”

மறுமுனையில் மெதுவாக ஒரு சிரிப்பு.

“அப்படியா சார்? அப்ப உங்களை வேலைக்கு எடுக்கவே எனக்குப் பயமா இருக்கே!”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போனை வைத்துவிட்டு மனைவியிடம் புலம்பினேன். “என்ன பேச்சு பாரு! என் வயசு என்ன, அந்தப் பொண்ணு வயசு என்ன?” என் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “போன வாரம் என் மாத்திரையை உங்க மாத்திரைன்னு முழுங்கினீங்களே, அதை அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?” என்றாள். வேலை கிடைத்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்விக்கு நான் சரியான விடை எழுத இன்னும் ஒரு வருடம் ஆயிற்று.

அவருக்கு ஏன் அந்தப் பெயர் என்று சொல்கிறேன். எங்கள் வேலை நேரம் முழுவதும் ஒரு தொலைபேசி இணைப்பு திறந்தே இருக்கும். எல்லோரும் அதில் இருப்போம். பேசும்போது மட்டும் ஒலியைத் திறப்போம். ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் விடைத்தாளை நீட்டி, “இந்தப் பையன் எழுதியிருக்கறதைப் பாருங்களேன், இதுக்கு எவ்வளவு போடலாம்?” என்று கேட்போமே, அதற்கு ஈடாக அவர் செய்த ஏற்பாடு அது. ஒருவர் ஒலியைத் திறந்ததும் அவர் வீட்டுச் சத்தமும் கூடவே வந்துவிடும். அதனால் எங்களுக்கெல்லாம் சத்தத்தை வைத்துத்தான் பெயர். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் “ரயில் தம்பி”. அடுக்களை மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் “குக்கர்”. அவர்தான் அந்த நீலக் கைப்பைக்காரர். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காமல் படிக்கட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் “மாடிப்படி அண்ணன்”. அவரைத் தாண்டிப் போகும் காலடிகள் எங்களுக்கு அத்துப்படி. ரயில் தம்பியை இன்றுதான் பார்த்தேன். தம்பிக்கு ஐம்பத்தாறு வயது, தம்பிக்கு ஒரு பேத்தி!

ஒருங்கிணைப்பாளர் வீட்டில் ஒரு பழைய சுவர்க் கடிகாரம். ஏழு நிமிடம் முந்தி ஓடும். மணி மூன்றாக ஏழு நிமிடம் இருக்கும்போதே டங், டங், டங் என்று மூன்று அடித்துவிடும். “அக்கா, உங்க கடிகாரம் நாளைக்குப் போய்ட்டு வந்திருக்கு” என்பார் ரயில் தம்பி. அப்படித்தான் அவர் கடிகாரக்கா ஆனார். என்னைவிடப் பதினேழு வயது இளையவர். முதல் மாதம் “மேடம்” என்று கூப்பிட்டுப் பார்த்தேன். யாரையோ கூப்பிடுவது போல இருந்தது. இரண்டாவது மாதம் நானும் “அக்கா” என்றேன். “சொல்லுங்க தம்பி சார்” என்றார். அன்றிலிருந்து நான் எங்கள் குழுவில் தம்பி சார்.

முகம் தெரிந்தால்தானே ஒட்டுதல் வரும் என்று நீங்கள் கேட்கலாம். நிறுவனமும் அப்படித்தான் நினைத்தது. எல்லோரும் கேமராவைப் போட்டுக்கொண்டு வேலை செய்யட்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. அக்கா எங்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டார். குக்கர் சொன்னார்: “அக்கா, கேமரா போடணும்னா நான் தினமும் அடுக்களையை ஒளிச்சு வைக்கணும். அடுக்களையை எங்கக்கா ஒளிக்கிறது?” அக்கா மேலிடத்துக்கு எழுதினார். “இவர்கள் வீட்டை மறைக்கச் செலவிடும் நேரத்தை என்னிடம் கொடுங்கள். அந்த நேரத்தில் இவர்களைப் பேச வைக்கிறேன்.” மேலாளர் அவர்களே, அந்தக் கடிதத்துக்குச் சம்மதம் சொன்னவர் நீங்கள். அதற்கு இன்று நன்றி சொல்கிறேன்.

அப்படி அவர் வாங்கிய நேரம்தான் புதன்கிழமை மூன்று மணி. நாங்கள் அதை “தப்பு நேரம்” என்போம். அந்த வாரம் செய்த ஒரு தப்பை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். சொன்னதை அந்தக் குழுவுக்கு வெளியே கொண்டு போகக் கூடாது. எழுதி வைக்கக் கூடாது. முதலில் சொல்கிறவர் எப்போதும் அக்காதான்.

பெயருக்கு ஒரு தப்பைச் சொல்லிவிட்டு நகர்கிறவர் இல்லை அவர். “திங்கக்கிழமை மாடிப்படி அண்ணன் மேல நான் சத்தம் போட்டேன் இல்ல? தேதியை மாத்தி எழுதினது நான். சத்தம் போட்ட கொஞ்ச நேரத்துலயே அதைப் பார்த்துட்டேன். ஆனா ரெண்டு நாளா சொல்ல வாய் வரல. அண்ணே, மன்னிச்சுக்கோங்க.” இருபத்தைந்து பேர் கேட்கும்படி ஒரு தலைவர் இப்படிச் சொல்கிறார். இதற்குப் பிறகு நமக்கு வாய் வராமல் இருக்குமா?

மாடிப்படி அண்ணனின் கதையையே சொல்கிறேன். சொல்லலாம் என்று அவர் அனுமதி கொடுத்திருக்கிறார். எங்கள் கணினி நாங்கள் அசைகிறோமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். பத்து நிமிடம் மவுஸ் அசையாவிட்டால் ஆள் இல்லை என்று குறித்துக்கொள்ளும். ஒரு புதன்கிழமை அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

“நான் வந்து… ஒரு மாசமா… மவுஸை டேபிள் ஃபேன்ல கட்டி வச்சிருக்கேன்.”

“எதுல?”

“ஃபேன்லக்கா. அது இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்புதில்ல? மவுஸும் கூடவே போய்ட்டு வரும்.”

நாங்கள் சிரித்த சிரிப்பில் ஒருவருக்குப் புரையேறிவிட்டது. அக்காவும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “ஏன்ணே?” என்று கேட்டார்.

அப்பாவைக் குளிப்பாட்ட வேண்டும் என்றார் அண்ணன். படுத்த படுக்கையாக இருக்கும் அப்பா. காலை பத்து மணிக்குத்தான் வெந்நீர் ஒத்துக்கொள்ளும். நாற்பது நிமிடம் ஆகும். நாற்பது நிமிடம் ஆள் இல்லை என்று பதிவானால் வேலை போய்விடுமோ என்று பயம். படிக்கட்டில் ஃபேன் மவுஸை ஆட்டிக்கொண்டிருக்க, உள்ளே மகன் தகப்பனுக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அடுத்த நாளிலிருந்து அண்ணனின் வேலை நேரத்தில் பத்து மணி முதல் பத்து நாற்பது வரை இடைவேளை என்று பதிவாகியிருந்தது. அக்கா செய்தது அவ்வளவுதான். கணினியில் இரண்டு நிமிட வேலை! ஆனால் ஒரு மாதம் அந்த மனிதர் பயந்து செத்திருக்கிறார். அலுவலகத்தில் என்றால் முகத்தைப் பார்த்து யாராவது “என்னப்பா, ஒரு மாதிரி இருக்கே?” என்று கேட்டிருப்பார்கள். வீட்டில் தனியாக இருப்பவன் முகத்தை யார் பார்ப்பது? அவன் தானாகச் சொன்னால்தான் உண்டு. சொல்வதற்கு ஓர் இடம் இருந்தால்தான் சொல்வான். அந்த இடத்தைக் கட்டியவர் கடிகாரக்கா.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

ஒரு கல்லின் அடர்த்தியைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்வி. அதை மட்டும் திருத்துவது என் பொறுப்பு. விடைக்குறிப்பில் ஒரு வழிதான் இருந்தது. இரண்டாம் நாள் திருத்திய விடைக்குறிப்பு வந்தது. இன்னொரு வழியில் செய்திருந்தாலும் முழு மதிப்பெண் என்று அதில் இருந்தது. நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை. முப்பத்து நான்கு வருட அனுபவம்தான் இருக்கிறதே! இருநூற்றுப் பதினான்கு தாள்களைத் திருத்தி அனுப்பிவிட்டேன். அனுப்பிய தாள் என் திரையிலிருந்து போய்விடும்; அக்கா மட்டும்தான் அதைத் திரும்ப எடுத்துத் தர முடியும். செவ்வாய்க்கிழமை மதியம் தற்செயலாக அந்தக் குறிப்பைத் திறந்தேன்.

அன்று மாலை முழுவதும் மனதுக்குள் கணக்குப் போட்டேன். இரண்டு மதிப்பெண்தானே. எல்லோருமா இரண்டாவது வழியில் செய்திருப்பார்கள்? யாருக்குத் தெரியப் போகிறது? ஆசிரியர் அறையாக இருந்திருந்தால் எனக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் என் முகத்திலேயே படித்திருப்பார். என் வீட்டில் எனக்கு எதிரே இருந்தது சுவர். சுவரிடம் மறைப்பது எவ்வளவு சுலபம்!

மறுநாள் தப்பு நேரம். என் முறை வந்தது. “கீபோர்டில் டீயைக் கொட்டிட்டேன்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பொய்யான தப்பைச் சொல்லித் தப்பித்துவிட்டேன்.

எனக்கு அடுத்தவர் குக்கர். இதைச் சொல்ல அவரும் சம்மதித்திருக்கிறார். ஒன்பது தாள்களில் இரண்டாம் பக்கத்தைப் பார்க்காமலே மதிப்பெண் போட்டுவிட்டாராம். “பாப்பாவுக்குக் காய்ச்சல் அக்கா. ஆனா அது காரணம் இல்ல. நான் கவனிக்கல.” சொல்லிவிட்டு அழுதார். அக்கா, “ஒன்பதுதானே? யாரு எடுத்துக்கறீங்க?” என்றார். ஒன்பது குரல்கள் வந்தன. ஒலியை மூடி வைத்துக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் பேத்தி வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் ஒரு பெண், காய்ச்சலைக்கூடக் காரணமாகச் சொல்ல மாட்டேன் என்கிறாள். நான் டீயைக் கொட்டிக்கொண்டிருக்கிறேன்!

ஒலியைத் திறந்தேன். “நான் சொன்னது பொய்” என்றேன்.

“சொல்லுங்க தம்பி சார்.”

சொன்னேன்.

“எத்தனை தாள் சார்?”

“இருநூத்திப் பதினாலு.”

ரயில் தம்பி விசிலடித்தார். அவரைக் கடந்து நிஜ ரயிலும் ஒன்று கூவிக்கொண்டு போனது. அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “நாம இருபத்தாறு பேரு. ஆளுக்கு எட்டு. மிச்சம் ஆறு இருக்கும், அது சாருக்கே. டீயைத் துடைச்சிட்டுத் திருத்தட்டும்.”

ஐந்து மணிக்குள் முடித்துவிட்டோம். முப்பத்தொரு பிள்ளைகளின் மதிப்பெண் மாறியது. எந்த ஊர்ப் பிள்ளைகளோ, யார் பெற்ற பிள்ளைகளோ! அவர்கள் யாருக்கும் இது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அக்கா அதன்பிறகு ஒரு நாளும் அதை என்னிடம் எடுத்துப் பேசியதில்லை. நான்தான் தாங்காமல் ஒருநாள் கேட்டேன். “எனக்கு ஏன்மா திட்டு விழல?” அவர் சொன்னார்: “திட்டியிருந்தா அடுத்த தடவை நிஜமாவே டீதான் கொட்டும் சார்.”

நண்பர்களே! இதுவரை நான் சொன்னதெல்லாம் எங்கள் பெருமை. இனிச் சொல்லப் போவதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. தங்கை அவர்களிடம் காலையிலேயே கேட்டுக்கொண்டேன். “சொல்லுங்க சார், அக்கா இருந்தா அவளே சொல்லியிருப்பா” என்றார்.

கடைசி நான்கு புதன்கிழமைகளில் அக்கா தப்பு எதுவும் சொல்லவில்லை. “எனக்கு இந்த வாரம் ஒண்ணும் இல்லப்பா. நீங்க ஆரம்பிங்க” என்றார். முதல் வாரம் நாங்கள் கேலி செய்தோம். “பார்றா, அக்கா சாமியாராயிட்டாங்க!” இரண்டாவது வாரம் அதுவும் பழகிப்போயிற்று. அதே நான்கு வாரங்கள் கடிகாரச் சத்தமும் கேட்கவில்லை. ரயில் தம்பிதான் கேட்டார்: “என்னக்கா, கடிகாரத்துக்கு லீவா?” அக்கா சொன்னார்: “ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்டா. வர நாளாகும்.” நாங்கள் சிரித்தோம். இருபத்தைந்து பேரும் சிரித்தோம்!

கடிகாரம் வீட்டுச் சுவரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அக்காதான் வீட்டில் இல்லை. மருத்துவமனைப் படுக்கையில் இருந்து எங்களோடு பேசிக்கொண்டிருந்தார். தங்கை பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போய், தலையணையை நிமிர்த்தி வைத்து, மடியில் கணினியை வைப்பாராம். செவிலியர் வந்தால் கதவருகே போய் நின்று, “ரெண்டு நிமிஷம், ரெண்டு நிமிஷம்” என்று விரலால் காட்டுவாராம். எங்களுக்குச் சத்தம் கேட்டுவிடக் கூடாதே!

“சொல்லிடேன் அக்கா” என்று தங்கை கெஞ்சியிருக்கிறார்.

“திருத்தல் முடியட்டும்டி. இப்ப சொன்னா இருபத்தஞ்சு பேருக்கும் கை ஓடாது. பசங்க ரிசல்ட் இது.”

“அப்புறமாவது சொல்லுவியா?”

“முடிஞ்ச அன்னிக்கே சொல்லிடறேன்.”

ஒரு வெள்ளிக்கிழமை திருத்தல் முடிந்தது. எங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லி, இரண்டு நாள் நன்றாகத் தூங்குங்கள் என்றார். தன்னைப் பற்றி அன்றும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் போய்விட்டார். அடுத்த நாள் புதன்கிழமை. மூன்று மணிக்கு நாங்கள் இணைப்பில் காத்திருந்தோம். வந்தது தங்கையின் குரல்.

கடிகாரக்கா அவர்களே! உங்கள் படத்தைப் பார்த்து ஒன்று சொல்கிறேன். எங்களிடம் நீங்கள் சொல்லாமல் விட்டது தப்பு. எங்களுக்குக் கை ஓடாது என்று நினைத்தீர்கள். இருநூற்றுப் பதினான்கு தாளைச் சுமந்த கைகள் உங்களைச் சுமக்காதா? ஆளுக்கு ஒரு மணி நேரம் உங்கள் வேலையை எடுத்துக்கொண்டிருக்க மாட்டோமா? இதைக் கோபத்தில் சொல்லவில்லை. உங்கள் குழுவில் தப்பைத் தப்பு என்று சொல்வது மரியாதைக் குறைவு இல்லை என்று எங்களுக்குப் பழக்கியவரே நீங்கள்தான்.

ஆனால் பாதித் தப்புதான் உங்களுடையது. மீதிப் பாதி எங்களுடையது. நான்கு வருடமாக வாராவாரம் எங்களைக் கேட்டீர்கள். அப்பா எப்படி இருக்கார், பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா, சாருக்குக் கண் ஆபரேஷன் என்னைக்கு? உங்களை யார் கேட்டோம்? ஒரு நாள்? ஒருவர்? “ஒண்ணும் இல்லப்பா” என்று நான்கு வாரம் சொன்னீர்களே. தினமும் தப்பைத் தேடுவதே தொழிலாகக் கொண்ட இருபத்தைந்து பேர் அதைக் கேட்டு, சரி என்று குறியிட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டோமே!

இப்போது குக்கருக்கு வருகிறேன். முந்தாநாள் அவர் எனக்குப் போன் செய்தார்.

“சார், எல்லாரும் என்னையே சொல்றீங்க. எனக்கு வேண்டாம் சார்.”

“ஏன்மா? வேலை தெரியும், ஆளுங்களைத் தெரியும்.”

“வேலைக்குப் பயப்படல. அந்த நாற்காலியில உக்காந்தா எல்லாருடையதையும் கேக்கணும். நம்மளுத சொல்ல ஆள் இருக்காது. அக்காவாலேயே முடியல, நான் எம்மாத்திரம்? எனக்குக் குழந்தை இருக்கு சார்.”

அவர் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடத் தப்பு இல்லை. ஓர் ஆள் தன்னந்தனியாகத் தாங்கிப் பிடித்தால்தான் நிற்கும் என்றால், அப்படி ஒரு குழு எதற்கு? நான்காகவே பிரிந்துவிட்டுப் போகட்டுமே!

ஆனால் பிரிந்து போக எங்களுக்கு மனசு வரவில்லை. இன்று கூட்டம் தொடங்குவதற்கு முன்னால், வெளியே தாழ்வாரத்தில், இருபத்தைந்து பேரும் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். மாடிப்படி அண்ணன் பழக்க தோஷத்தில் படிக்கட்டில் உட்கார்ந்தார். குக்கரை வற்புறுத்தவில்லை. நாங்கள் என்ன செய்யத் தயார் என்பதை மட்டும் சொன்னோம். ஒவ்வொரு புதன்கிழமையும் மூன்று மணிக்குக் கால் மணி நேரம் முன்பாக, எங்களில் ஒருவர் ஒருங்கிணைப்பாளரைத் தனியாகப் போனில் கூப்பிடுவோம். வேலையைப் பற்றிப் பேச மாட்டோம். “நீ எப்படி இருக்கே?” என்று கேட்போம். முறை வைத்துப் பட்டியல் போட்டாயிற்று. ரயில் தம்பி கையெழுத்தில் இதோ இருக்கிறது. முதல் வாரம் நான், அடுத்த வாரம் மாடிப்படி அண்ணன்.

குக்கர் அந்தப் பட்டியலை வாங்கி மேலிருந்து கீழே படித்தார். மறுபடியும் படித்தார். விடைத்தாள் திருத்துகிறவர் அல்லவா! பிறகு கேட்டார்:

“நான் ‘ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன்’னு சொன்னா என்ன செய்வீங்க?”

ரயில் தம்பி சொன்னார்: “சந்தோஷம்னு சொல்லிட்டு வச்சிடுவோம்.”

“பாத்தீங்களா? அக்காவை அப்படித்தான் வச்சீங்க.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டார். நாங்கள் எல்லோரும்தான்.

“கேக்கறதா இருந்தா ரெண்டாவது தடவையும் கேக்கணும்” என்றார் குக்கர். “முதல் தடவை நான் பொய்தான் சொல்லுவேன். யாரா இருந்தாலும் அப்படித்தான். ரெண்டாவது தடவை கேட்டா எனக்கு அழுகை வந்துடும், சொல்லிடுவேன். அதுக்குச் சம்மதம்னா நான் உக்கார்றேன்.”

மேலாளர் அவர்களே! இதுதான் எங்கள் பதில். எங்களைப் பிரிக்க வேண்டாம். திங்கட்கிழமை முதல் அவர் உட்கார்வார். அந்தக் கால் மணி நேரத்தை எங்களுக்கு விட்டுக்கொடுங்கள். அதை எந்தப் பதிவிலும் ஏற்றாதீர்கள். நீங்கள் தலையசைப்பது எனக்குத் தெரிகிறது. நன்றி.

கடிகாரக்கா விட்ட இடத்திலிருந்து நாங்கள் தொடர்வோம் என்று இந்தச் சபையில் உறுதி சொல்கிறேன். அவர் செய்ததையெல்லாம் செய்வோம். எங்களுக்காக அவர் செய்து, அவருக்காக நாங்கள் செய்யாமல் விட்டதையும் இனிச் செய்வோம். தங்கை அவர்களே, அந்தப் பட்டியலில் குக்கரோடு சேர்த்து இருபத்தைந்து பெயர்கள்; இருபத்தாறாவது பெயருக்கு ஓர் இடம் காலியாக இருக்கிறது. கூப்பிடுவதற்கு இல்லை, கூப்பிடப்படுவதற்கு. நீங்கள் சரி என்றால் உங்கள் எண்ணை அதில் எழுதிக்கொள்கிறோம். வேன் ஓட்டும் நேரத்தை மட்டும் சொல்லிவிடுங்கள்.

உறவினர்களே, நண்பர்களே, உங்களுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டு உட்கார்கிறேன். உங்கள் வேலையிலோ வீட்டிலோ எப்போதும் எல்லோரையும் விசாரிக்கிற ஒருவர் இருப்பார். நாளைக் காலையில் அவருக்குப் போன் செய்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். “ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன்” என்பார். போனை வைக்காதீர்கள். இன்னொரு முறை கேளுங்கள்.